பஞ்சத்திற்குப் பின்னும் நெருக்கடிக்குப் பின்னும்: செங்கல்பட்டு வட்டாரத்தில் நிலக் கோரிக்கையின் இரு காலங்கள்

ஆய்வுச்சுருக்கம்

பொருளாதாரச் சரிவை அடுத்துச் செல்வ ஏற்றத்தாழ்வு விரியும்போது மக்கள் எதைக் கேட்கின்றனர் என்னும் வினாவிற்குச் செங்கல்பட்டு வட்டாரத்தின் விடை நிலம் என்பதாகும். தாது வருஷப் பஞ்சத்திற்குப் பிந்தைய சூழலில் உருவான 1892ஆம் ஆண்டு அரசாணை, 1991ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின்னர்க் காரணையில் மீண்டும் கையிலெடுக்கப்பட்டதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பஞ்சமி நிலம், தாது வருஷப் பஞ்சம், திரமென்ஹீர், மிராசு, காரணை.

முன்னுரை

1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில், பஞ்சமி நில மீட்புக்காகத் திரண்டோர்மீது காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். தலித் இயக்க வரலாறுகள் இந்நிகழ்வைச் சாதிக்கும் நிலத்திற்கும் உள்ள உறவின் வரலாற்றில் வைத்துப் பேசுகின்றன. மூன்றாண்டுகளுக்கு முன் நேர்ந்த அந்நியச் செலாவணி நெருக்கடியைப் பொருளியல் நூல்கள் கையிருப்பு, பணமதிப்பு, வளர்ச்சி வீதம் ஆகிய எண்களால் விளக்குகின்றன. இவ்விரு எழுத்துமரபுகளும் ஒன்றையொன்று அரிதாகவே எதிர்கொள்கின்றன. காரணையை 1991க்குப் பிந்தைய ஏற்றத்தாழ்விற்கான எதிர்வினையாகவும் வாசிக்க இடமுண்டு. அவ்வாசிப்பிற்கு ஒரு நூற்றாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டியுள்ளது.

பஞ்சமும் தர்காஸ்தும்

1876–78ஆம் ஆண்டுகளின் பஞ்சம் மழை பொய்த்ததால் தொடங்கியது. எனினும் உயிர்களைப் பறித்ததில் தானிய விலையின் பங்கு பெரிது. தானியம் வண்டிகளிலும் கிடங்குகளிலும் இருந்தபோதும் அதை வாங்கக் கூலிக்காரரிடம் காசில்லை. 1877 ஜனவரியில் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணப் பணி செய்வோரின் அன்றாடக் கூலியை ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவுமாகக் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்து வாதிட்டார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி இப்பஞ்சத்தின் நிவாரணப் பணியாகவே வெட்டப்பட்டது. மாமல்லபுரத்தின் பின்புறமாகச் செல்லும் அந்நீர்வழிக்கு, வெட்டியோரின் பெயரன்று, ஆளுநர் பக்கிங்ஹாமின் பெயரே நிலைத்தது.

பஞ்சம் தணிந்தபின் யார் எதை இழந்திருந்தனர் என்பதைப் பார்க்க 1891 வரை வரவேண்டும். அவ்வாண்டில் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், அம்மாவட்டப் பறையர்களின் நிலைகுறித்து அறிக்கை அளித்தார். அதன் வலிமை இரக்கத்தில் இல்லை. நடைமுறையை அவிழ்த்துக் காட்டியதில் உள்ளது. படியாளின் குடிசை நின்ற மனை மிராசுதாருக்குரியது. கடன் அவனைப் பண்ணையோடு கட்டியது. தரிசு நிலத்தைச் சாகுபடிக்குக் கேட்டுத் தர்காஸ்து மனு அளித்தாலோ, மிராசுதாருக்கே முன்னுரிமை என்னும் விதி குறுக்கே நின்றது. கூலியை உயர்த்திக் கேட்பவன் மறுநாள் குடியிருக்கும் இடத்தையே இழக்கக்கூடும். இந்நிலையில் கூலிக் கோரிக்கை எழாதது அறியாமையால் அன்று. பேசுவதற்கு முன் நிற்பதற்கு ஓர் இடம் தேவைப்பட்டது.

வருவாய் வாரியம் தொடக்கத்தில் இவ்வறிக்கையை விரும்பவில்லை. ஆயினும் 1892 செப்டம்பர் 30ஆம் நாளிட்ட வருவாய்த்துறை அரசாணை எண் 1010, ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்குத் தரிசு நிலங்களை ஒப்படை செய்ய வழிவகுத்தது. பெற்ற நிலத்தைப் பத்தாண்டுகள் விற்றலோ வேறுவகையில் கைமாற்றுதலோ கூடாது. அதன்பின்னும் அவ்வகுப்பினர்க்கே கைமாற்றலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆதாம் ஆண்ட்ரூ செங்கல்பட்டில் உழவர் குடியிருப்புகளை அமைக்க முற்பட்டதும், இதே மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியதும் இக்காலச் சூழலிலேயே. அரசாணையை ஆட்சியர் ஒருவரின் கொடையாக மட்டும் காண்பது இவ்வியக்கங்களை மறைத்துவிடும்.

பதிவேட்டில் மறைந்த நிலம்

பின்வந்த பல பத்தாண்டுகளில் இந்நிலங்களில் பெரும்பகுதி கைமாறியது. கடனுக்கு ஈடாகப் போனவை சில. வாய்மொழி ஏற்பாட்டில் போனவை சில. நிபந்தனை காகிதத்தில் இருந்தது, பயிர் பிறர் கையில் இருந்தது. 1979 முதல் 1987 வரை நடைபெற்ற நில உடைமை மேம்பாட்டுத் திட்டம், அதாவது மக்கள் வழக்கில் யு.டி.ஆர்., அன்றைய அனுபவத்தையே பல இடங்களில் பட்டாவாக்கியது. பழைய ‘அ’ பதிவேட்டில் ‘டி.சி.’ என்னும் குறிப்போடு இருந்த சர்வே எண்கள் புதிய பதிவேட்டில் அக்குறிப்பின்றி வெறும் பட்டா நிலங்களாயின. நில மீட்புக்காரர்கள் பழைய பதிவேட்டின் நகலைத் தேடி அலுவலகம் அலுவலகமாக அலைவதன் காரணம் இதுவே.

மனையாகும் வயல்

1991 ஜூலையில் ரூபாய் இருமுறை மதிப்பிறக்கப்பட்டது. ரிசர்வ் வங்கியின் 47 டன் தங்கம் வெளிநாட்டில் அடகு சென்றது. ஜூலை 24ஆம் நாள் வரவுசெலவுத் திட்டம் தாராளமயத்தை அறிவித்தது. 1991–92ஆம் ஆண்டின் வளர்ச்சி ஒன்றரை விழுக்காட்டைத் தாண்டவில்லை. நாட்டுப் பொருளாதாரம் விரைவில் மீண்டது, ஆனால் மீட்சி எல்லோரிடமும் ஒரே வடிவில் வந்து சேரவில்லை. சென்னைக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையிலும் பெருந்தெற்குச் சாலையிலும், அது நிலவிலையாக வந்தது. 1984 முதல் யுனெஸ்கோ மரபுச்சின்னமாக இருந்த மாமல்லபுரத்தை நோக்கி விடுதிகளும் பண்ணை வீடுகளும் மனைப்பிரிவுகளும் நீண்டன. நிலம் வைத்திருந்தவர் உழாமலே செல்வரானார். நிலமற்றவருக்கோ அதுவரை கிடைத்த நடவுக்கூலியும் அருகியது. ஊதிய ஏற்றத்தாழ்வை மட்டும் அளக்கும் ஆய்வுகளில் இந்த இடைவெளி சரிவரத் தெரிவதில்லை.

இங்குக் கால நெருக்கம் முக்கியமானது. பிறர் கையில் வயலாக இருக்கும் பஞ்சமி நிலத்தை என்றேனும் மீட்கலாம் என்னும் எண்ணம் தலைமுறைகளாக நீடிக்கக்கூடும். அதே நிலம் நூறு மனைகளாகப் பிரிந்து நூறு பேருக்குப் பத்திரமாகிவிட்டால் எவரிடம் கேட்பது? விலையேற்றம் கோரிக்கையை உருவாக்கவில்லை. அதை ஒத்திப்போட முடியாததாக்கியது. 1991 அம்பேத்கர் நூற்றாண்டாகவும் அமைந்தது. அதையொட்டிய தலித் எழுச்சி, மறந்துகிடந்த அரசாணை எண்ணை ஊர்க்கூட்டங்களில் ஒலிக்கும் சொல்லாக்கியது.

காரணை

மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் மக்கள் பஞ்சமி நிலத்தில் நுழைந்து அம்பேத்கர் சிலையை நிறுவினர். சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்தும் நிலத்தைக் கோரியும் செங்கல்பட்டில் திரண்டபோதே துப்பாக்கிச்சூடு நிகழ்ந்தது. அம்மக்கள் புதிய சட்டம் எதையும் கேட்கவில்லை. பணக்காரரின் சொத்தைப் பகிர்ந்தளிக்கவும் கோரவில்லை. நூற்றிரண்டு ஆண்டுகளுக்கு முன் அரசே இட்ட நிபந்தனையை நிறைவேற்றுமாறு கேட்டனர். 1892இல் மிராசுதாரின் முன்னுரிமைக்கு எதிராக வருவாய்த்துறை எழுதிய வாசகம், 1994இல் அத்துறையின் வாசலிலேயே சான்றாக நீட்டப்பட்டது.

அடுத்த ஆண்டே மறைமலை நகருக்கு ஃபோர்டு நிறுவனம் வந்தது. 2000களின் தொடக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை கட்டணச் சாலையானது. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. ஒவ்வோர் அக்டோபர் 10ஆம் நாளும் தலித் அமைப்புகள் ஜான் தாமஸ், ஏழுமலை இருவருக்கும் அஞ்சலி செலுத்துகின்றன. அங்கு எழுப்பப்படும் முதன்மைக் கோரிக்கை இன்றும் பஞ்சமி நில மீட்பே.