மலைக்குள் சுரங்கம், அனுமதியில் 'கட்டடம்': பொட்டிபுரம் நியூட்ரினோ வழக்கு சொல்வது என்ன?

தேனி மாவட்டம் தேவாரத்துக்கு அருகே, பொட்டிபுரம் ஊராட்சியை ஒட்டி நிற்கிறது அம்பரப்பர் மலை. இந்த மலையைச் சுமார் 2 கி.மீ. நீளத்துக்குக் குடைந்து, உள்ளே 50 ஆயிரம் டன் எடையுள்ள காந்த இரும்புக் கருவியை வைப்பதுதான் இந்திய நியூட்ரினோ ஆய்வகத் திட்டம். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் முன்னெடுத்த இத்திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது.

நியூட்ரினோ ஆபத்தானதா என்ற பேச்சுதான் அதிகம் அடிபட்டது. உண்மையில் அந்தத் துகள் ஒவ்வொரு நொடியும் நம் உடலுக்குள் லட்சம் கோடிக்கணக்கில் புகுந்து போய்க்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் வழக்கைத் திருப்பியது அதுவல்ல. அனுமதி எந்த வகையில் கொடுக்கப்பட்டது என்ற கேள்விதான்.

சுரங்கம் எப்படி 'கட்டடம்' ஆனது?

2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், 20 ஆயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு '8(அ)' என்று ஒரு பிரிவு இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பு, வணிக வளாகம் எல்லாம் வருவது இதில்தான். ஆய்வகமும் இதே பிரிவில் பரிசீலிக்கப்பட்டது. மலையைக் குடைந்து பல லட்சம் டன் பாறையை வெளியே எடுக்கும் வேலைக்கும் அதே படிவமா என்று கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கு. காரணம், கட்டடப் பிரிவுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு கட்டாயமில்லை.

வெடிவைத்தால் கிணற்று நீர் என்னாகும், தூசி தோட்டத்தில் படியுமா, மேய்ச்சல் நிலம் மிஞ்சுமா என்பதெல்லாம் சுற்றுவட்டார விவசாயிகளின் கவலை.

தீர்ப்பாயத்தில் நடந்தது

2011 ஜூனில் மத்திய அமைச்சகம் கொடுத்த அனுமதியை 'பூவுலகின் நண்பர்கள்' அமைப்பு எதிர்த்தது. 2017 மார்ச் 20-ல் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு அந்த அனுமதியை நிறுத்திவைத்தது. மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவின் இடுக்கி மாவட்டத்தில் உள்ள மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கி.மீ.க்குள் வருவதால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்றது. பதிவான தூரம் 4.9 கி.மீ. நூறு மீட்டர் வித்தியாசம்தான்!

ஆனால் கதை அங்கே முடியல. 2018 மார்ச்சில் மத்திய அமைச்சகம் 'சிறப்பு நேர்வு' என்று சொல்லி, மறுபடியும் அதே 8(அ) பிரிவிலேயே அனுமதி தந்தது. மீண்டும் வழக்கு. அந்த ஆண்டு நவம்பர் 2-ல் தீர்ப்பாயம் அனுமதியை ரத்து செய்ய மறுத்துவிட்டது. எனினும் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் வேலையைத் தொடங்க முடியாது என்ற நிபந்தனை அப்படியே இருந்தது.

யார் வழக்குப் போடலாம்?

பாதிக்கப்பட்ட யாரும் போடலாம். நிலத்தின் உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. சுற்றுச்சூழல் அனுமதி தெரியவந்த 30 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை கிடைக்கும். 90 நாள் தாண்டினால் கதவு சாத்தியதுதான். உள்ளூர் போராட்டங்கள் பல தோற்பது வாதத்தில் அல்ல, இந்தக் கணக்கில்தான். தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போகலாம்.

பொட்டிபுரம் வழக்கும் அப்படித்தான் டெல்லி போனது. இதற்கிடையே 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில், இந்தத் திட்டத்தை அனுமதிக்க விரும்பவில்லை என்று தெரிவித்தது. புலிகளின் வழித்தடம் ஒரு காரணம். இன்னொன்று தண்ணீர்: இந்த மலைப்பகுதி கொட்டக்குடி ஆற்றுக்கு நீர்பிடிப்பு, அந்த நீர் போய்ச் சேர்வது வைகை அணைக்கு.