பல்கலைக்கழகத் தகவல் தொழில்நுட்பச் சேவையின் தர அளவீடு

பல்கலைக்கழகம் ஒன்று தன் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் அளிக்கின்ற இணைய இணைப்பு, மின்னஞ்சல், இணையவழிப் பாடம், தேர்வுப் பதிவு, உதவி மையம் முதலிய வசதிகள், அவற்றைப் பயன்படுத்துவோரின் தேவைக்கு எவ்வளவு ஈடுகொடுக்கின்றன என்பதைக் கிரமமாக விசாரித்து எண்ணால் குறிக்கும் முறை இது.

1973இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐபிஎம் 370/155 கணினி நிறுவப்பட்ட காலத்தில், துளையட்டைகளைக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருந்தவர்கள் ஒரு சிறு வட்டத்தினர். இயந்திரம் பழுதின்றி ஓடுவதே அன்று சேவை எனப்பட்டது. கல்வி நிறுவனங்களை இணைக்கும் வலையமைப்பாக 1986இல் தொடங்கிய எர்னெட் திட்டத்தில் அக்கழகமும் பங்குபெற்று, பின்னர் வலையமைப்பு எல்லாத் துறைகளுக்கும் பரவி, கடைசியில் ஒவ்வொரு மாணவர் கைபேசிக்குள்ளும் பல்கலைக்கழகம் புகுந்துவிட்டபின், இயந்திரத்தின் யோக்கியதையைக் கொண்டு சேவையின் யோக்கியதையை நிர்ணயிப்பது சாத்தியமில்லாமற் போயிற்று.

பயன்படுத்துவோரையே கேட்டுச் சேவையை அளக்கும் விஷயத்தில் வழிகாட்டியவர்களுள் முதன்மையானவர், அதே சென்னைக் கழகத்தில் பொறியியல் பயின்று அமெரிக்காவில் சந்தையியல் பேராசிரியரான அ. பரசுராமன். அவரும் வலேரி சைத்தாமல், லெனர்ட் பெர்ரி ஆகியோரும் 1985இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், எதிர்பார்ப்புக்கும் அனுபவத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசமே சேவையின் தரம் என்று கொண்டனர்; 1988இல் அதனை 22 கூற்றுகள் கொண்ட ‘செர்வ்குவால்’ என்னும் வினாப்பட்டியலாக வகுத்து, புறவசதி, நம்பகம், விரைந்த கவனிப்பு, உறுதியளிக்கும் திறம், பரிவு என ஐந்து அம்சங்களில் அடக்கினர். அனுபவத்தை மட்டும் கேட்டாலே போதுமென்று குரோனினும் டெய்லரும் 1992இல் ஆட்சேபித்தனர். எனினும் எதிர்பார்ப்பைக் கேளாத அளவீடு, குறைந்ததைப் பெற்றே பழகிப்போனவரின் மௌனத்தைத் திருப்தியென்று எழுதிக்கொள்ளும் அபாயம் உடையது. ஆகையால் பரசுராமன் முதலிய மூவரின் கொள்கையே நம் நாட்டு நிலைமைக்குப் பொருத்தமானது.

நூலகங்களுக்காக அமெரிக்காவில் இம்முறையைத் தழுவி ‘லிப்குவால்’ எழுந்தது; உயர்கல்வித் தொழில்நுட்பச் சேவைக்கென்று ‘டெக்குவால்’ தோன்றியது. பின்னது ஒவ்வொரு சேவைக்கும் மூன்று எண்களைக் கேட்கிறது: பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைந்தபட்சம், விரும்பும் அளவு, உண்மையில் கிடைப்பது. ஒருவர் முறையே 6, 8, 5 என்று குறித்தால், கிடைப்பது குறைந்தபட்சத்துக்கும் ஒன்று தாழ்ந்து, பொறுமையின் எல்லைக்கு வெளியே விழுந்துவிட்டதென்பது வெளிப்படையாகிறது.

இந்தியாவில் 1994இல் நிறுவப்பட்ட தேசிய மதிப்பீட்டு மற்றும் தரச்சான்றுக் குழு (நாக்) மாணவர்-கணினி விகிதத்தையும் இணையத்தின் வேகத்தையும் கேட்டுவந்துள்ளது. அதன் மாணவர் திருப்திக் கணக்கெடுப்போ பெரும்பாலும் கற்பித்தலைப் பற்றியதே. கணினிகளை எண்ணுவது அவசியமானாலும், எண்ணிக்கை சேவையாகாது.

உதாரணமாக, சென்னையை அடுத்த அத்திப்பட்டு என்னும் ஊரை எடுத்துக்கொள்வோம். அனல் மின்நிலையத்துக்கும் எண்ணூர்த் துறைமுகத்துக்கும் அருகிலுள்ள இவ்வூரிலிருந்து, கும்மிடிப்பூண்டி மார்க்கத்துப் புறநகர் ரயிலில் சென்று நகரக் கல்லூரியில் படிக்கும் மாணவிக்கு, கல்லூரி வளாகத்து வைஃபை மாலையில் வீடு திரும்பும் வரையில்தான்; விடைத்தாள் மறுமதிப்பீட்டு விண்ணப்பமும் கட்டணமும் கைபேசியில், சொந்த டேட்டாவில், பெரும்பாலும் கடைசித் தேதியின் இரவில் முடிய வேண்டியவை. உதவி மையம் மாலையிலேயே கதவடைத்துவிட்டால் அவளுக்கு அது இல்லாததற்குச் சமானம். விடுதியில் தங்கியிருப்பவர்கள் சேவைக்குத் தந்த உயர்ந்த மதிப்பெண்களோடு அவள் தந்த மதிப்பெண்ணையும் கூட்டிச் சராசரி கண்டால், அவளுடைய குறை அந்தச் சராசரிக்குள் கரைந்து மறைந்துவிடும். எனவே விடுதி மாணவர், தொலைவிலிருந்து வருவோர், ஆசிரியர், அலுவலர் என்று பிரித்தே கணக்கிட வேண்டும். வினாப்பட்டியல் தமிழிலும் இருத்தல் வேண்டும். தேர்வு முடிவு வெளியாகி எல்லோரும் ஒரே நேரத்தில் தளத்தை நாடும் நாட்களின் அனுபவத்தைத் தனியே கேட்டறிதல் வேண்டும்.

இவ்வாறு பிரித்துப் பெற்ற மதிப்பெண்களை ஆண்டுதோறும் மாணவர் பார்வைக்கு வெளியிட்டு, மிகத் தாழ்ந்த எண்ணைப் பெற்ற சேவைக்கு அடுத்த ஆண்டின் நிதியில் முதலிடம் கொடுக்குமாறு பல்கலைக்கழக நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.