பிரைட்டன் அரண்மனை: காணாத இந்தியாவும் வந்து கிடந்த இந்தியரும்

கம்பர் பாடிய அயோத்தியில் காவிரி நாட்டின் வளமே தெரிகிறது என்று வகுப்பில் சொல்வது வழக்கம். காணாத ஊரைக் கற்பனையால் எழுப்புவது கவிஞர்க்கு மட்டும் உரியதன்று. அரசர்களும் அதைச் செய்திருக்கின்றனர். இங்கிலாந்தின் தென்கடற்கரையில், பிரைட்டன் நகரில் நிற்கும் ராயல் பெவிலியன் அதற்குச் சான்று.

இளவரசர் ஜார்ஜ் 1783-இல் முதன்முதலாக அவ்வூருக்கு வந்தார். 1787-இல் ஹென்றி ஹாலண்ட் அவருக்காக அங்கே ஒரு மாளிகை கட்டினார். பின்னர் வில்லியம் போர்டன் இந்தியப் பாணியில் பெருங்குவிமாடத்துடன் குதிரை லாயம் அமைத்தார். லாயத்தின் எழிலுக்கு முன் மாளிகை எளிதாகத் தோன்றியது போலும். 1815 முதல் 1822 வரை ஜான் நாஷ் அதனைப் புதுக்கினார். பழைய கட்டடத்தின் மேல் வார்ப்பிரும்புச் சட்டகம் எழுப்பி, வெங்காய வடிவக் குவிமாடங்களையும் மினார்களையும் ஏற்றினார்.

நாஷும் இந்தியாவைக் கண்டவரல்லர், ஜார்ஜும் கண்டவரல்லர். தாமஸ் டேனியல், அவர் உறவினர் வில்லியம் டேனியல் இருவரும் வெளியிட்ட இந்தியக் காட்சிப் படத்தொகுதிகளே நாஷுக்கு வழிகாட்டின. டேனியல்கள் 1792-இல் தமிழகத்திலும் பயணம் செய்தவர்கள். மதுரையும் மாமல்லபுரமும் அவர்கள் படங்களில் உண்டு. எனினும் நாஷை ஈர்த்தவை முகலாயக் குவிமாடங்களே. உள்ளே நுழைந்தாலோ சீனத்து டிராகன்கள்! புறம் இந்தியா, அகம் சீனம்.

விக்டோரியா அரசிக்கு ஊர் நடுவிலிருந்த அம்மாளிகை பிடிக்கவில்லை. 1850-இல் அது நகரத்தாருக்கு விற்கப்பட்டது.

வரலாற்றின் விந்தை இனித்தான். 1914 டிசம்பரில் பெவிலியனும் அதன் சுற்றுக் கட்டடங்களும் 724 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையாயின. பிரான்சுப் போர்க்களத்தில் காயமுற்ற இந்தியச் சிப்பாய்கள் அங்கே கொணரப்பட்டனர். சமயமும் சாதியும் பார்த்து ஒன்பது சமையற்கூடங்கள். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குடிநீர்க் குழாய்கள். மன்னர் தம் அரண்மனையையே நமக்காகத் துறந்தார் என்று சிப்பாய்கள் பலர் நம்பினர். அந்த நம்பிக்கை அரசின் பரப்புரைக்கும் பயன்பட்டது. அரண்மனை கைமாறி அறுபத்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன என்பதே உண்மை.

பிரைட்டன் மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 53 பேர் ஊருக்கு வெளியே குன்றின்மேல் எரியூட்டப்பட்டனர். அவ்விடத்தில் 1921-இல் ‘சத்ரி’ என்னும் வெண்பளிங்கு நினைவு மண்டபம் எழுந்தது. அதில் பெயர்கள் பொறிக்கப்படவில்லை. 2010-இல்தான் அதனருகே அவர்கள் பெயர் தாங்கிய கல் நிறுவப்பட்டது.

பொய்க் குவிமாடத்தை எழுப்ப ஏழாண்டுகள் போதுமாயின. மெய்யான இந்தியரின் பெயரை எழுதத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.