சிவப்புக் கட்டிக்கு ஒரு சரியான பேர்

இன்னைக்கு நான் சொல்லப்போறது ஒரு சிவப்புக் கட்டியோட வரலாறு.

பிறந்த சில வாரத்துல சில குழந்தைங்களுக்கு முகத்துலயோ முதுகுலயோ செக்கச்செவேல்னு ஒரு புடைப்பு வரும். முதல் சில மாசம் வேகமா பெருசாகும். ரத்தக்குழாய்ச் செல்கள் பெருகுறதால வர்ற இந்தக் கட்டிக்கு ஹீமாஞ்சியோமான்னு பேர். புற்றுநோய் கிடையாது.

ஒரு காலத்துல இந்த மாதிரி தழும்புக்கெல்லாம் பழி அம்மா மேலதான். இத்தாலிய மொழியில பிறவி மச்சத்துக்கே ‘ஆசை’ன்னு அர்த்தம் வர்ற சொல்தான். கர்ப்பத்துல அம்மாவோட ஆசை நிறைவேறலைன்னா, அது குழந்தையோட தோல்ல வந்துடுமாம். நம்ம ஊர்ல கிரகணத்தைச் சொல்றோம்ல, கிட்டத்தட்ட அதே கதை.

அப்புறம் ரேடியம் வந்துச்சு. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், ஸ்வீடன்ல ஆயிரக்கணக்கான கைக்குழந்தைகளுக்கு இந்தக் கட்டிக்காகக் கதிர்வீச்சு கொடுத்தாங்க. அந்தப் பெண் குழந்தைகள் வளர்ந்த பிறகு ஆராய்ஞ்சப்போ, மார்பகப் புற்றுநோய் வழக்கத்தைவிட அதிகமா இருந்துச்சு. பெரும்பாலான ஹீமாஞ்சியோமா சில வருஷத்துல தானாவே சுருங்கிடும்! லிஸ்டர்ங்கிற இங்கிலாந்து மருத்துவர் அதை 1938லேயே எழுதிட்டார்.

ஆனா எல்லா சிவப்பும் சுருங்காது. அது ஏன்னு 1982ல பாஸ்டன்ல ஜான் மல்லிகன், ஜூலி குளோவாக்கி ரெண்டு பேரும் பிரிச்சுக் காட்டினாங்க. செல் பெருகி வளர்ந்தா ஹீமாஞ்சியோமா. ரத்தக்குழாயே தப்பா அமைஞ்சிருந்தா மால்ஃபர்மேஷன். அது சுருங்காது, குழந்தையோட சேர்ந்தே வளரும்.

அடுத்த திருப்பம் பிரான்ஸ்ல, போர்தோ நகரத்துல. மூக்குல கட்டி இருந்த ஒரு குழந்தைக்கு ஸ்டீராய்டு கொடுத்துட்டிருந்தப்போ இதயத்தசை தடிச்சுப்போச்சு. அதுக்காக ப்ரோப்ரனலால்ங்கிற இதய மருந்தைக் கொடுத்தாங்க. மறுநாளே கட்டியோட நிறம் மாறி, மென்மையாயிடுச்சு. கிறிஸ்டின் லியோத்தே-லாப்ரேஸ் குழு அதைக் கவனிச்சு, 11 குழந்தைகளோட விவரத்தை 2008ல வெளியிட்டாங்க. 2015ல வந்த பெரிய ஆய்வுல, ஆறு மாசம் இந்த மருந்தை முழு அளவுல எடுத்த குழந்தைகள்ல 60 சதவீதம் பேருக்குக் கட்டி முழுசாவோ ஏறக்குறைய முழுசாவோ மறைஞ்சது. வெற்று மருந்து எடுத்தவங்கள்ல 4 சதவீதம்தான்.

1960கள்லேர்ந்து மருந்துக்கடையில இருந்த மருந்துங்க இது! ஆனா மால்ஃபர்மேஷனுக்கு இது உதவாது. குழந்தையோட இதயத்துடிப்பையும் ரத்தச் சர்க்கரையையும் குறைக்கலாம். நாமளா கொடுக்கவே கூடாது. அதனால ‘தானா போயிடும்’னு காத்திருக்காம, முதல் மாசத்துலேயே டாக்டர்கிட்ட காட்டி, அது எந்த வகைன்னு கேளுங்க. பேர் சரியா தெரிஞ்சாதான் வைத்தியமும் சரியா இருக்கும்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.