ஸ்கிரீன் ரெக்கார்டிங்கில் உங்க குரல் இருக்கு, மியூசிக் மட்டும் காணோமா? காரணமும் தீர்வும் இதோ!

ஒரகடம், வடக்குப்பட்டு பக்கம் வாடகை அறையில் தங்கி, ஷிப்ட் முடிந்ததும் லேப்டாப்பில் பீட் போடுகிற இளைஞர் என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் கிடைப்பதே ஒரு நாள் லீவு. அந்த நாளில் இரண்டு மணி நேரம் செலவழித்து, "இந்த டியூனை எப்படிப் போட்டேன்" என்று வீடியோ எடுக்கிறார். ஓட்டிப் பார்த்தால் திரை தெரிகிறது, அவர் பேசுவது கேட்கிறது. ஆனால் பாட்டு? சுத்தமாக இல்லை. அடுத்த லீவு வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்!

லேப்டாப்பும் கெடவில்லை, மென்பொருளும் கெடவில்லை. சத்தம் போகிற பாதைதான் வேறு. அது எப்படி? வாங்க, எளிமையாகப் பார்க்கலாம்.

சத்தம் எங்கே தொலைகிறது?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் யூடியூப், வாட்ஸ்அப், சினிமா என எல்லாச் சத்தமும் முதலில் விண்டோஸின் பொதுவான கலவைக்குள் வரும். அதன் பிறகுதான் ஸ்பீக்கருக்குப் போகும். ஓபிஎஸ் ஸ்டுடியோ போன்ற ரெக்கார்டர்கள் இந்தக் கலவையில் இருந்துதான் சத்தத்தை எடுத்துக்கொள்கின்றன.

ஆனால் கியூபேஸ், ஏபிள்டன் லைவ், ரீப்பர் போன்ற இசை மென்பொருட்கள் பெரும்பாலும் 'ஏசியோ' என்ற டிரைவரைப் பயன்படுத்துகின்றன. இது ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-ல் கொண்டுவந்தது. கீபோர்டில் கட்டையைத் தட்டியதும் தாமதமில்லாமல் சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக, விண்டோஸ் கலவையைத் தாண்டி நேராக ஆடியோ இன்டர்ஃபேஸுக்கே இது போய்விடும். பைபாஸில் போகிற பஸ் ஊருக்குள் நிற்காது இல்லையா? ஊருக்குள் காத்திருக்கும் ஓபிஎஸ்ஸுக்கு எதுவும் கிடைக்காததும் அதனால்தான். ஓபிஎஸ்ஸில் ஒரு குறிப்பிட்ட மென்பொருளின் சத்தத்தை மட்டும் பிடிக்கும் வசதி இருந்தாலும், ஏசியோவிடம் அது எடுபடாது.

விண்டோஸில் மூன்று வழிகள்

1. டிரைவரை மாற்றுங்க: செலவே இல்லாத வழி. ரீப்பரில் ஆடியோ செட்டிங்கில் 'வசாபி' என்பதையும், ஏபிள்டனில் 'எம்எம்இ/டைரக்ட்எக்ஸ்' என்பதையும் தேர்வு செய்யுங்க. வசாபியில் 'ஷேர்டு' முறைதான் வேண்டும். 'எக்ஸ்க்ளூசிவ்' போட்டால் மறுபடியும் பழைய கதைதான். ஒரு குறை உண்டு: தாமதம் கூடும். முடித்த பாட்டை ஓட்டிக் காட்டி விளக்க இது போதும். நேரலையாகக் கீபோர்டு வாசிக்கச் சிரமமாக இருக்கும்.

2. லூப்பேக் வசதி: யமஹா ஏஜி03, ஸ்டைன்பெர்க் யுஆர்22சி போன்ற இன்டர்ஃபேஸ்களில், வெளியே போகிற சத்தத்தையே மறுபடியும் உள்ளே அனுப்பும் 'லூப்பேக்' இருக்கிறது. அதை ஆன் செய்து, ஓபிஎஸ்ஸில் 'ஆடியோ இன்புட் கேப்சர்' மூலம் அந்த இன்டர்ஃபேஸைச் சேருங்க. தாமதமும் கூடாது. புதிதாக இன்டர்ஃபேஸ் வாங்கப் போகிறவர்கள் இந்த வசதி இருக்கிறதா என்று கடையில் கேட்டு வாங்குவது நல்லது.

3. ரீஸ்ட்ரீம்: ரீப்பரை உருவாக்கிய காக்கோஸ் நிறுவனம் இலவசமாகத் தரும் பிளக்இன் இது. மாஸ்டர் டிராக்கில் போட்டு 'சென்ட்' வையுங்க. ஓபிஎஸ்ஸில் ஒரு ஆடியோ சோர்ஸின் ஃபில்டரில் இதையே விஎஸ்டி பிளக்இன்னாகச் சேர்த்து 'ரிசீவ்' வையுங்க. ஏசியோவை மாற்றாமலேயே சத்தம் போய்ச் சேரும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு?

மேக்கில் ஏசியோ பிரச்சனை இல்லை. மேக்ஓஎஸ் 13 வென்ச்சுராவும் அதற்குப் பிந்தைய பதிப்புகளும் இருந்தால், ஓபிஎஸ்ஸின் 'மேக்ஓஎஸ் ஸ்கிரீன் கேப்சர்' திரையோடு சத்தத்தையும் சேர்த்தே எடுக்கும். பழைய மேக் என்றால் 'பிளாக்ஹோல்' என்ற இலவச டிரைவரை நிறுவி, 'ஆடியோ மிடி செட்டப்'பில் 'மல்ட்டி அவுட்புட் டிவைஸ்' உருவாக்குங்க. அதில் ஹெட்போன், பிளாக்ஹோல் இரண்டையும் டிக் செய்தால், காதிலும் கேட்கும், ரெக்கார்டரிலும் பதிவாகும். அப்போது கீபோர்டின் வால்யூம் பட்டன் வேலை செய்யாது. பயப்பட வேண்டாம், அது இயல்புதான்.

இந்தத் தப்புகளைப் பண்ணாதீங்க

* சத்தம் இரண்டு முறை எதிரொலிப்பது போல இருக்கா? 'டெஸ்க்டாப் ஆடியோ', 'லூப்பேக்' இரண்டும் ஒரே நேரத்தில் ஆனில் இருக்கும். ஒன்றை மியூட் பண்ணுங்க.

* 'கீச்' என்று அலறுகிறதா? லூப்பேக் ஆனில் இருக்கும்போது, அந்தச் சத்தத்தையே வாங்கி ஒலிக்கும் டிராக்கை மென்பொருளில் திறந்து வைத்திருப்பீர்கள். சத்தம் சுற்றிச் சுற்றி வரும். காதுக்கு ஆபத்து, உடனே மூடுங்க.

* 'படபட' என்று வெட்டுகிறதா? மென்பொருளில் 44.1 கிலோஹெர்ட்ஸ், ஓபிஎஸ்ஸில் 48 கிலோஹெர்ட்ஸ் என்று வேறு வேறாக இருக்கலாம். இரண்டையும் 48-ல் வையுங்க. அப்படியும் நிற்காவிட்டால் மென்பொருளின் பஃபர் அளவைக் கூட்டிப் பாருங்க. 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் என்றால் சுமார் 5 மில்லி விநாடி தாமதம். 1024 என்றால் சுமார் 21 மில்லி விநாடி.

* குரலையும் இசையையும் ஒரே டிராக்கில் போடாதீங்க. ஓபிஎஸ்ஸில் 6 ஆடியோ டிராக்குகள் வரை தனித்தனியாகப் பதிவு செய்யலாம். அப்போதுதான் எடிட்டிங்கில் இசையை மட்டும் குறைக்க முடியும்.

கரண்ட் போனால்?

பேட்டரி பழுதான லேப்டாப், பாதியில் கரண்ட் கட். சாதாரண எம்பி4 ஃபைல் என்றால் மொத்தமாகத் திறக்காமல் போகலாம். எம்கேவி வடிவத்தில் பதிவு செய்தால் அதுவரை எடுத்தது தப்பிக்கும். பிறகு ஓபிஎஸ்ஸிலேயே எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. ரெக்கார்ட் பட்டனை அழுத்தும் முன் 10 விநாடி சோதனை எடுத்து, ஹெட்போனில் கேட்டுப் பாருங்க. பாட்டு ஓடும்போது ஓபிஎஸ் மிக்ஸரில் பச்சைக் கோடு ஆடுதா? ஆடினால் தைரியமாக ஆரம்பிக்கலாம். அந்த 10 விநாடி, உங்க ஒரு நாள் லீவைக் காப்பாற்றும்.