வாலும் மூங்கிலும்

எலியைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் "காம்யுவா?" என்று கேட்டார். கேள்வியில் தப்பில்லை. 1947-இல் வெளிவந்த அந்தக் கொள்ளைநோய் நாவலைப் படித்தவர்களுக்கு ஒரான் நகரத்து வீடுகளில் செத்துக் கிடக்கிற எலிகள் மறக்காது. ஆனால் நாம் அவற்றை ஒரு நிமிஷம்கூட எலிகளாகப் பார்த்ததில்லை. ஃபாஸிஸம் என்றோம், அபத்தம் என்றோம், நமது கவிஞர்கள் சிலர் நகரம் என்றார்கள். எலிக்கு ஒரு வயிறு இருக்கிறது, அது ஏதோ ஒரு ஓட்டை வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது, அந்த ஓட்டையை அடைக்கவேண்டியவர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதெல்லாம் விமர்சனத்துக்கு வெளியே நின்றுவிட்டன. இந்தக் கட்டுரை அந்த ஓட்டையைப் பற்றியது.

நான் குடியிருப்பது ஒரு பழைய வீட்டின் பின்கட்டில். சென்ற மழைக்காலத்தில் சமையலறையில் எலி புகுந்தது. பொறி வைத்தேன். ஒன்று விழுந்தது, பிறகு இன்னொன்று. மூன்றாவது தேங்காய்ச் சில்லை மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அம்மா தினமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "தூம்பை அடைக்காம எத்தனையைப் பிடிச்சு என்னடா?" நான் பிடித்ததை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணுவதில் ஒரு திருப்தி இருக்கிறது. என் தொழிலே அது.

எலியை எண்ணிய ஒரு சர்க்காரின் கதை உண்டு. 1897 முதல் 1902 வரை பிரெஞ்சு இந்தோசீனாவின் கவர்னர்-ஜெனரலாக இருந்தவர் பால் தூமேர். ஹனோய் நகரத்தை ஐரோப்பிய நாகரிகத்தின் கண்காட்சியாக ஆக்கிவிடவேண்டும் என்பது அவர் காலத்து லட்சியம். வெள்ளையர் பகுதியில் அகன்ற வீதிகள், மாளிகைகள், அவற்றுக்கடியில் புத்தம்புதிய பாதாளச் சாக்கடை. இருட்டும் ஈரமும், பூனையோ பாம்போ எட்டிப்பார்க்காத பத்திரமும், பணக்கார வீடுகளின் கழிப்பறைக்கே நேராகப் போய்ச்சேருகிற வழியும் எலிக்கு வேறெங்கே ஒருசேரக் கிடைக்கும்? நாகரிகத்தின் பெருமைக்காகக் கட்டியது எலிக்கு ராஜபாட்டையாயிற்று.

பிளேக் கிருமியை யெர்ஸின் ஹாங்காங்கில் 1894-இலேயே கண்டுபிடித்திருந்தார். எலிக்கும் பிளேக்குக்கும் தொடர்பு உண்டென்பது தெரிந்துவிட்ட காலம். ஆகவே 1902 ஏப்ரலில் வியட்நாமியர்களைக் கூலிக்கு அமர்த்திச் சாக்கடைக்குள் இறக்கினார்கள். அந்த மாதக் கடைசி வாரத்தில் கொல்லப்பட்டவை 7,985. மே 30-ஆம் தேதி ஒரே நாளில் 15,041. ஜூனில் ஒரு நாள் கணக்கு 20,000-ஐத் தாண்டியது. எலிகள் குறைந்ததாகத் தெரியவில்லை. சாக்கடைக்குள் இறங்கியவர்கள் இந்த வேலைக்கு இந்தக் கூலி போதாது என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம்.

அடுத்த யோசனை ஊர் ஜனங்களையே வேட்டைக்காரர்களாக்குவது. ஒரு எலிக்கு ஒரு சென்ட் சன்மானம். செத்த எலிகளை மலைமலையாக வாங்கிவைத்துக்கொள்ள எந்த ஆபீஸுக்கும் விருப்பமில்லை. வாலை மட்டும் கொண்டுவந்தால் போதும் என்றார்கள். வால்கள் வந்து குவிந்தன. கொஞ்ச நாளில் வாலில்லாத எலிகள் நகரத்தில் சாவதானமாக ஓடுவதை அதிகாரிகள் பார்த்தார்கள். வாலை நறுக்கிவிட்டு எலியை விட்டுவிட்டால் அது குட்டி போடும், குட்டிக்கும் வால் இருக்கும். நகரத்தின் ஓரங்களில் எலிப்பண்ணைகள் இருப்பதும் தெரியவந்தது. சன்மானம் நிறுத்தப்பட்டது.

இதைச் சரித்திரமாக எழுதியவர் மைக்கேல் வான் என்ற அமெரிக்கர். பிரான்ஸில் உள்ள காலனி ஆவணக் காப்பகத்தில், எலிகளின் எண்ணிக்கை நிரப்பப்பட்ட படிவங்கள் அடங்கிய ஒரு கோப்பு அவர் கையில் கிடைத்ததிலிருந்து தொடங்கியது அது. பொருளாதார மேடைகளில் டில்லி நாகப்பாம்புக் கதை ஒன்று சொல்வார்கள்: வெள்ளைக்காரன் பாம்புக்குச் சன்மானம் அறிவித்தான், ஜனங்கள் பாம்பு வளர்த்தார்கள் என்று. அதற்கு ஆவண ஆதாரம் அகப்படவில்லை. ஹனோய்க் கதைக்குப் படிவமே இருக்கிறது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாகச் சிரித்துவிட்டு மனித சுபாவம் என்று முடித்துவிடுவார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் நான் வேலை பார்த்த கிளையில் ஏழைகளுக்குப் புதுக் கணக்குகள் திறக்க இலக்கு வந்தது. திறந்தோம். கணக்குகள் காலியாகக் கிடந்தன. காலிக் கணக்குகளின் எண்ணிக்கையைக் குறைக்கவேண்டும் என்று அடுத்த இலக்கு வந்தது. ஒரு சாயங்காலம் நானும் என் சகாவும் எங்கள் சட்டைப்பையிலிருந்து கணக்குக்கு ஒரு ரூபாய் வீதம் போட்டோம். மறுநாள் அறிக்கை அழகாக இருந்தது. கணக்குக்குச் சொந்தக்காரர்களான அந்த மனிதர்களுக்கு இதெல்லாம் தெரியாது. ஹனோய்க்காரன் வாலை நறுக்கியபோது பசி ஆறியது. நாங்கள் நறுக்கியதற்கு அந்தக் காரணம்கூட இல்லை.

வாலை வாங்குகிறவன் சாவின் அடையாளத்தை வாங்குகிறான். அடையாளத்துக்கு விலை வைத்தால் அடையாளம் உற்பத்தியாகும். இது ஒரு புறம். இன்னொரு புறம், சாவே உண்மையாக இருந்திருந்தாலும் அது பயன்பட்டிருக்குமா என்பது.

1898 ஜூன் 2-ஆம் தேதி, கராச்சியில் பால்-லூயி ஸிமோன் என்ற பிரெஞ்சு வைத்தியர் ஒரு பெரிய கண்ணாடிக் குடுவைக்குள் பிளேக் கண்ட எலி ஒன்றை விட்டார். அதன்மேல் தெள்ளுப்பூச்சிகள் இருந்தன. நோயுற்ற எலி சாகும் தறுவாயில் இருந்தபோது, அதைத் தொடமுடியாதபடி ஒரு சிறு கம்பிக்கூண்டில் ஆரோக்கியமான எலியைத் தொங்கவிட்டார். சில நாளில் அதுவும் பிளேக்கில் செத்தது. எலி செத்து உடம்பு ஆறியதும் தெள்ளுப்பூச்சி அதைவிட்டு வேறு சூடான உடம்பைத் தேடிப்போகிறது. ஸிமோன் சொன்னதைப் பல வருஷங்கள் பெரியவர்கள் யாரும் சட்டைசெய்யவில்லை. 1905-க்குப் பின்னால் பம்பாயில் பிளேக் கமிஷன் செய்த பரிசோதனைகளுக்குப் பிறகுதான் அது நிலைபெற்றது. அதுவரை பம்பாயில் மனிதர்களின் அக்குளைத் தடவிப்பார்த்தார்கள், சாமான்களை எரித்தார்கள், கூரையைப் பிரித்தார்கள், சுவரில் 'மனிதர் வசிக்கத் தகாதது' என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சாயத்தில் எழுதினார்கள். இந்தியாவில் அந்தக் கொள்ளைநோய்க்கு ஒரு கோடிக்கும் அதிகமானவர்கள் செத்தார்கள். ஸிமோனின் குடுவையை ஒப்புக்கொண்டால், கண்ட இடத்தில் எலியை அடித்துப்போடுவது தெள்ளுப்பூச்சியை மனிதன் மேல் ஏவிவிடுவதாகவும் ஆகலாம். எலியும் நோயாளிதான். பிரச்னை எலி நம்மோடு ஒரே கூரையின் கீழ் படுப்பதில் இருக்கிறது.

இதைச் செயலாக்கிப் பார்த்தவர்கள் ஜாவாவில் இருந்த டச்சுக்காரர்கள். 1910-இல் அங்கே விளைச்சல் பொய்த்தது. பர்மாவிலிருந்து அரிசி வந்தது. மூட்டையோடு எலியும், எலியோடு தெள்ளுப்பூச்சியும் சுரபாயாவில் இறங்கின. 1911-இல் மலாங் பகுதியில் பிளேக். டச்சு வைத்தியர்கள் கிராமத்து வீடுகளைப் பிரித்துப் பார்த்தபோது எலிக்கூடு இருந்த இடம் மூங்கில். வாசல்காலாகவும் விட்டமாகவும் கட்டிலின் சட்டமாகவும் இருந்த மூங்கிலின் பொள்ளலுக்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. மனிதன் தலைவைத்துப் படுக்கிற மூங்கிலுக்குள் குட்டிகள். பிளந்த மூங்கிலையும் உள்ளே இருந்த கூட்டையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஆகவே வீட்டையே மாற்றுவது என்று தீர்மானமாயிற்று. மூங்கிலின் வாயை அடை, அல்லது மூங்கிலை எடுத்துவிட்டு மரம் போடு. வேய்ந்த கூரைக்குப் பதில் ஓடு. இருட்டான வீட்டில் வெளிச்சம் வரட்டும். 1911-க்கும் 1942-க்கும் இடையில் 15 லட்சத்துக்கும் அதிகமான வீடுகள் இப்படித் திருத்தப்பட்டன அல்லது புதிதாகக் கட்டப்பட்டன. திருத்திய வீட்டை அவ்வப்போது வந்து சோதனையும் போட்டார்கள். எலியை எதிர்த்து மனிதன் செய்த காரியங்களில் இவ்வளவு பெரியது வேறு இருக்குமா என்று தெரியவில்லை. வாலை எண்ணிய ஹனோயோடு வைத்துப் பார்த்தால் இது அறிவின் வெற்றி. அம்மாவின் கட்சி ஜெயித்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் ஒரு குமாஸ்தாவுக்குத் தோன்றுகிற கேள்வி வேறு. செலவு யார் பேரில்? சர்க்கார் முன்பணம் தந்தது, வீட்டுக்காரன் தவணையாகத் திருப்பிக் கட்டினான். தன் வீட்டில் என்ன குறை என்று அவனைக் கேட்டுத் தீர்மானிக்கவில்லை. அவன் அறிந்த பொருள்களில் மலிவானது மூங்கில். தானே வெட்டித் தானே கட்டிக்கொள்ள முடிந்தது. அதை எடுத்துவிட்டு, விலை கொடுத்து வாங்கவேண்டிய மரத்தையும் ஓட்டையும் வைத்தார்கள். செத்தவன் பிளேக்கில்தான் செத்தானா என்று அறியப் பிணத்தின் மண்ணீரலில் ஊசி குத்தினார்கள். இதற்கு முஸ்லிம்களிடையே பலத்த எதிர்ப்பு இருந்தது. மலாங்கில் பிளேக் வேலைக்குத் தாமாக முன்வந்த ஜாவானிய வைத்தியர் சிப்தோ மாங்குன்குசுமோ. டச்சு அரசு அவருக்குப் பதக்கம் கொடுத்தது. பின்னால் அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரை நாடு கடத்தியதும் அதே அரசுதான். அந்தத் தேசியவாதி பிளேக்கையும் எதிர்த்தார், பிளேக்கை எதிர்த்தவர்களையும் எதிர்த்தார். இரண்டையும் ஒரே ஆள் செய்யமுடியும் என்பதை நமது முகாம்கள் இன்னும் நம்பவில்லை.

பலன்? 15 லட்சம் வீடுகளுக்குப் பிறகும் சாவு ஒழியவில்லை. 1934-இல் மேற்கு ஜாவாவில்தான் அது உச்சத்துக்குப் போயிற்று. எல்லாம் சேர்த்து 2 லட்சத்துக்கும் மேல் செத்தார்கள். பாண்டுங்கில் ஓட்டன் என்பவர் உயிருள்ள கிருமியைக் கொண்டு தயாரித்த தடுப்பூசி 1935 முதல் லட்சக்கணக்கானவர்களுக்குப் போடப்பட்ட பிறகே சாவு இறங்கியது. வீட்டைத் திருத்தியது வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. வீடு ஒரு நாளில் மாறுவதில்லை, நோய் காத்திருப்பதில்லை.

அம்மாவின் வாக்கியத்துக்கு விஞ்ஞான ஆதாரம் கிடைத்தது அமெரிக்காவில். 1940-களில் பால்டிமோர் நகரத்துத் தெருக்களில் டேவிட் டேவிஸும் அவருடைய சகாக்களும் எலிகளைக் கணக்கெடுத்தார்கள். விஷம் வைத்தால் எண்ணிக்கை விழுகிறது. மிஞ்சியவை பெருகிச் சில மாதங்களில் பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. கர்ப்பகாலம் மூன்று வாரம், மூன்று மாதத்தில் குட்டி தாயாகிவிடுகிறது, வேறென்ன நடக்கும்? எங்கே குப்பையை மூடிவைத்தார்களோ, உடைந்த சுவரையும் கதவையும் சரிசெய்தார்களோ அங்கே எண்ணிக்கை விழுந்தது, விழுந்தபடியே இருந்தது. ஒரு தெருவில் எத்தனை எலி என்பதைத் தீர்மானிப்பது அந்தத் தெருவில் எத்தனை எலிக்கு இடமும் சோறும் இருக்கிறது என்பதுதான். வாடகை வீடுகளில் சுவரைச் சரிசெய்யவேண்டியவர் வீட்டுக்குச் சொந்தக்காரர். அவர் அங்கே குடியிருப்பதில்லை.

என் வீட்டுக்கு வருகிறேன். வீட்டுக்காரரிடம் தூம்பைப் பற்றிச் சொன்னேன். பூனை வளர்க்கச் சொன்னார். கடைசியில் நானே தூம்புக்கு இரும்பு வலை வாங்கிப் பதித்து, சுவரோரத்து வளைகளில் கண்ணாடித் தூளும் சிமெண்டும் குழைத்து அடைத்தேன். கதவின் அடியில் தகரம் அடித்தேன். அரிசியும் பருப்பும் மூடி போட்ட டின்னுக்குப் போயின. அம்மா ராத்திரி பாத்திரத்தை எச்சிலோடு போட்டுவைப்பதில்லை. இரண்டு வாரத்தில் சமையலறை அமைதியாயிற்று. செத்த எலி என்று காட்ட ஒன்றுமில்லை. எண்ணிச் சொல்ல எதுவுமே இல்லாத வேலை அது.

மறுமாதம் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இடம் நன்றாக இருக்கிறது, தை பிறந்ததும் வாடகையைப் பற்றிப் பேசவேண்டும் என்றார். மலாங்கில் தவணை கட்டியவனை எனக்குத் தெரியாது. ஆனால் அன்று ராத்திரி அவன் ஞாபகம்தான் வந்தது. ஓட்டு அடியில் எதுவோ ஓடுகிற சத்தமும் கேட்டது. அந்தக் கூரை எனக்கும் பக்கத்துப் போர்ஷன்காரர்களுக்கும் பொது. நாளைக்கு அவர்களோடு பேசவேண்டும்.