மெழுகைக் கழித்து வந்த எண்ணெய்

வினிப்பெக் நகரத்தில் அக்டோபர் முடியும்போது வாகன உதிரிபாகக் கடைகளில் எஞ்சின் ஆயில் கேன்களைக் கண்ணில் படும்படி அடுக்கிவிடுவார்கள். தரை உறைவதற்குள் வண்டிக்கு அடியில் படுத்து ஆயில் மாற்றிவிட நினைப்பவர்களுக்கான அடுக்கு அது. அதிலிருந்து ஐந்து லிட்டர் கேன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேலே ‘5டபிள்யூ-30’ என்று போட்டிருக்கிறது. அது போய்ச் சேரப்போவது 1990களின் பிற்பாதியில் வந்த ஒரு டொயோட்டா கொரோலாவுக்குள். 1.8 லிட்டர் எஞ்சின், ரப்பர் சீல்கள் இறுகிப்போன வயது, ராத்திரியில் திறந்த வெளியில் நிற்கும் வண்டி. ஜனவரி இரவுகளில் அந்த ஊர்க் குளிர் சராசரியாக மைனஸ் 21 டிகிரி. மைனஸ் 35 வந்தாலும் அங்கே யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

இந்த எண்ணெய் பிறந்ததிலிருந்து பட்ட பாட்டில் பெரும்பகுதி ஒரே எதிரியோடு. மெழுகுதான் அந்த எதிரி.

கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரிக்கும்போது பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் முதலில் ஆவியாகி மேலே போய்விடும். அடியில் தங்கும் கனமான பகுதியில்தான் எஞ்சின் ஆயிலின் மூலப்பொருள் இருக்கிறது. அதை இன்னும் சூடாக்கினால் மூலக்கூறுகள் உடைந்து கரியாகும். அதனால் காற்றை உறிஞ்சி எடுத்த கோபுரத்தில் குறைந்த அழுத்தத்தில் காய்ச்சி எடுக்கிறார்கள். வெளியே வரும் கனத்த எண்ணெய் வெயில் ஊரில் எஞ்சினுக்குள் ஊற்றத் தகும்போலத் தெரியும். குளிரில் வைத்தால் மறுநாள் கரண்டியால் தோண்டவேண்டியிருக்கும். மார்கழியில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை வெயிலில் வைக்கிற வீடுகளுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1859இல் எட்வின் டிரேக் டைட்டஸ்வில்லில் துளையிட்டு எண்ணெய் எடுத்தாரே, அந்தப் பென்சில்வேனியா மாநிலத்துக் கச்சா எண்ணெய்க்கு மசகு எண்ணெய் உலகத்தில் பெரிய மரியாதை. சூட்டில் நீர்த்துப்போகாது என்ற பெயர் அதற்கு. 1929இல் டீன், டேவிஸ் என்ற இருவர் சூட்டுக்கும் குளிருக்கும் இடையே எண்ணெயின் பிசுபிசுப்பு எவ்வளவு மாறுகிறது என்பதற்கு ஓர் அளவுகோல் போட்டார்கள். அன்றைக்குக் கிடைத்தவற்றில் குறைவாக மாறிய பென்சில்வேனியா எண்ணெய்க்கு 100 மதிப்பெண், அதிகமாக மாறிய மெக்சிகோ வளைகுடாக் கரை எண்ணெய்க்குப் பூஜ்யம். பென்சில்வேனியா எண்ணெய்க்கு அந்த 100ஐ வாங்கிக் கொடுத்தவை நீண்ட பாரஃபின் சங்கிலிகள். குளிரில் ஒன்றோடொன்று அடுக்கிக்கொண்டு மெழுகாக உறைவதும் அதே சங்கிலிகள்தான். சூட்டில் கெட்டிக்காரன், குளிரில் கெட்டியாகிறவன். இந்த முரண்பாட்டை அவிழ்க்கவே சுத்திகரிப்பாளர்களுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

முதல் வழி, மெழுகைப் பிடித்து வெளியே போடுவது. கரைப்பானைக் கலந்து, உறையவைத்து, சுழலும் உருளைகளில் வடிகட்டினார்கள். ஒதுங்கிய மெழுகு மெழுகுவத்திக்கும் மெழுகுத்தாளுக்கும் போயிற்று. அடுத்த வழி நுட்பமானது. அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜனையும் ஒரு வினையூக்கியையும் வைத்து, நேராக நிற்கும் சங்கிலியைக் கிளைவிடச் செய்துவிடுகிறார்கள். கிளைவிட்ட சங்கிலிகளால் நெருங்கி அடுக்க முடியாது, அதனால் உறையவும் முடியாது. குப்பை என்று ஒதுக்கப்பட்டது நல்ல எண்ணெயாகிவிடுகிறது. ஒன்டாரியோ ஏரிக்கரையில், மிசிசாகாவின் கிளார்க்சன் பகுதியில் உள்ள பெட்ரோ-கனடா மசகு எண்ணெய் ஆலை இந்த ஹைட்ரஜன் வழியில் பேர்போனது. ரொறன்ரோவுக்கு மேற்கே ஏரியோரமாகக் காரில் போகிற தமிழர்கள் பலர் அதன் கோபுரங்களைப் பார்த்திருப்பார்கள். தங்கள் வண்டிக்குள் ஓடுவது அங்கே பிறந்திருக்கலாம் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது வழி, கச்சா எண்ணெயைத் தொடவே வேண்டாம் என்பது. எத்திலீன் வாயுவிலிருந்து படிப்படியாக மூலக்கூறுகளைக் கட்டி எழுப்புவது. அதில் மெழுகுக்கு இடமே இல்லை. மினசோட்டாவின் டுலூத் நகரில் போர் விமானம் ஓட்டிய ஆல்பர்ட் அமாட்டூசியோ, ஜெட் எஞ்சின்களில் ஓடும் செயற்கை எண்ணெய் எந்தக் குளிரிலும் மசிவதைப் பார்த்து, காருக்கு ஏன் கூடாது என்று கேட்டவர். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தர ஒப்புதல் பெற்ற முதல் செயற்கைக் கார் எஞ்சின் ஆயிலை 1972இல் அவர் கொண்டுவந்தார். டுலூத் குளிரில் வாழ்ந்த ஒருவருக்கு அந்த யோசனை வந்ததில் வியப்பில்லை.

இவையெல்லாம் வருவதற்கு முன்பு ஆட்கள் என்ன செய்தார்கள்? கனடாவின் வடக்கிலும் அலாஸ்காவிலும் சிறு விமானங்களை ஓட்டியவர்கள் மாலையில் தரையிறங்கியதும் எஞ்சின் சூடாறுவதற்குள் ஆயிலை வாளியில் வடித்து, தங்கும் குடிசைக்குள் கொண்டுபோவார்கள். காலையில் அடுப்பில் வைத்துச் சூடாக்கி, கொதிக்கக் கொதிக்கத் திருப்பி ஊற்றிவிட்டுக் கிளம்புவார்கள். வடிக்க மறந்தவன் அன்று பறப்பது சந்தேகம்தான். இரண்டாம் உலகப் போர் விமானங்களில் இன்னொரு தந்திரம் இருந்தது. எஞ்சினை அணைப்பதற்கு முன் ஆயிலில் கொஞ்சம் பெட்ரோலைக் கலந்துவிடுவார்கள். இரவில் ஆயில் நீர்த்தே இருக்கும், காலையில் எஞ்சின் சூடானதும் பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும். தரையில் ஓடிய வண்டிக்காரர்களுக்கு விடிவு வந்தது வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரத்து ஆண்ட்ரூ ஃப்ரீமனால். எஞ்சினை மின்சாரத்தால் சூடாக்கும் ஹீட்டருக்கு 1949இல் அவர் காப்புரிமை பெற்றார். இன்றைக்கும் வினிப்பெக்கில் காரின் முன்பக்கக் கிரில்லிலிருந்து ஒரு பிளக் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும், வண்டி நிறுத்துமிடங்களில் அதைச் செருக மின்துளை இருக்கும்.

நம் கேனுக்குத் திரும்புவோம். அதில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அடிப்படை எண்ணெய். மீதி, அழுக்கைக் கரைப்பவை, துருவைத் தடுப்பவை, உராயும் இடத்தில் தன்னையே தியாகம் செய்து படலமாகும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம், சூட்டில் விரிந்து எண்ணெய் நீர்த்துப்போகாமல் பிடிக்கும் பாலிமர். எஞ்சியிருக்கும் சொற்ப மெழுகு ஒன்றோடொன்று கோத்து வலையாகாமல் தடுக்கவும் ஒரு துளி மருந்து உண்டு.

இனி கேனின் மேலே இருக்கும் அந்த எண். வாகனப் பொறியாளர் சங்கம் எஞ்சின் ஆயிலைத் தரம்பிரிக்கத் தொடங்கியது 1911இல். குளிரைக் குறிக்கும் ‘டபிள்யூ’ பின்னால் சேர்ந்தது. 5டபிள்யூ என்ற பட்டத்துக்கு இரண்டு தேர்வுகள். மைனஸ் 30 டிகிரியில் ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைச் சுற்றும் அளவுக்கு எண்ணெய் இளகியிருக்கவேண்டும். மைனஸ் 35இல் பம்ப் உறிஞ்சும் அளவுக்கு ஓடவேண்டும். 10டபிள்யூவுக்கு இந்த எல்லைகள் மைனஸ் 25, மைனஸ் 30. 0டபிள்யூவுக்கு மைனஸ் 35, மைனஸ் 40. பின்னால் வரும் 30, நூறு டிகிரிச் சூட்டில் எவ்வளவு பிசுபிசுப்பு மிஞ்சுகிறது என்பதன் அளவு. முன்னெண் காலைக்கு, பின்னெண் நடுப்பகலுக்கு.

இந்தத் தேர்வுகள் இவ்வளவு கறாராக ஆனதற்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. 1980-81 குளிர்காலத்தில் தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் பகுதியில் பல கார்கள் காலையில் ஸ்டார்ட் ஆயின, ஓடின, ஆனால் எஞ்சின்கள் கெட்டுப்போயின. அந்த ஆயில் எல்லாம் ஆய்வகத்தில் தேறியவைதான். சிக்கல் ஆய்வகத்தின் அவசரத்தில் இருந்தது. அங்கே எண்ணெயைச் சடசடவென்று குளிரவைத்தார்கள். வெளியே நிற்கும் காரிலோ அது இரவு முழுக்க மெல்ல மெல்லக் குளிர்ந்தது, மெழுகுக்குப் படிகம் கட்டிக்கொள்ள நேரம் கிடைத்தது. எண்ணெய் கூழானது. பம்ப் முதல் மிடறை இழுத்ததும் குழாய் வாயருகே ஒரு குழி விழுந்தது. சுற்றியிருந்த எண்ணெய் சரிந்து வந்து குழியை நிரப்பவில்லை, பம்ப் காற்றைத்தான் குடித்தது. இதற்குப் பிறகு வந்த தேர்வில் எண்ணெயை 45 மணி நேரத்துக்கும் மேலாகப் படிப்படியாகக் குளிரவிட்டு, அப்புறம்தான் அசைத்துப் பார்க்கிறார்கள்.

ஆக, பழைய வண்டிக்கு எந்த ஆயில்? ‘வயசான எஞ்சினுக்குக் கெட்டி ஆயில் ஊத்து’ என்பது நம் மெக்கானிக்குகளின் வேதவாக்கு. சென்னை வெயிலில் 20டபிள்யூ-40 ஊற்றிய கை அப்படித்தான் சொல்லும். அங்கே அது தவறுமில்லை. அதே புத்தியை மூட்டை கட்டி வினிப்பெக்குக்குக் கொண்டுவந்தால் வம்பு. 20டபிள்யூ ஆயிலைப் பம்ப் உறிஞ்சும் என்ற உத்தரவாதம் மைனஸ் 20 வரைதான். அந்த ஊரின் சாதாரண ஜனவரி இரவே அதைத் தாண்டிவிடுகிறது. தேய்ந்த எஞ்சினின் இடைவெளிகளை நிரப்பவேண்டும் என்ற கவலை நியாயமானது, ஆனால் அது பின்னெண்ணோடு பேசவேண்டிய கவலை. சூடான பிறகு ஆயில் விளக்கு மினுக்கினால் கார் வல்லுநரிடம் காட்டிவிட்டு 5டபிள்யூ-40க்கோ 0டபிள்யூ-40க்கோ போகலாம். வண்டியின் வயதைக் காட்டி முன்னெண்ணை ஏற்றுவதற்கு மட்டும் எந்த நியாயமும் இல்லை. வயதான வண்டியின் பேட்டரியும் வயதானதுதான். மைனஸ் 18இல் பேட்டரியின் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும், அந்த நேரம் பார்த்துத்தான் எஞ்சினைச் சுற்றுவதும் கடினமாகிறது.

பழைய கொரோலாவின் கையேட்டிலேயே இதற்கு ஒரு வெப்பநிலைப் பட்டை வரைந்திருக்கும். 10டபிள்யூ-30 மைனஸ் 18க்கு மேலே மட்டும், கடுங்குளிருக்கு 5டபிள்யூ-30. வெளியே, பிளக் இல்லாமல் நிற்கும் வண்டி என்றால் நான் 0டபிள்யூ-30 பக்கம் சாய்வேன். அதிலும் ஓர் இடறல் உண்டு: அதன் அடிப்படை எண்ணெய் மெல்லியது என்பதால் பிஸ்டன் வளையம் தேய்ந்து ஆயில் குடிக்கிற எஞ்சினில் இன்னும் வேகமாகக் குறையலாம். அப்படிப்பட்ட வண்டிக்கு 5டபிள்யூவும் ஹீட்டரும் பொருத்தம். ஆனால் எஞ்சின் ஹீட்டர் சூடாக்குவது கூலன்ட்டை. அடியில் சம்பில் கிடக்கும் ஆயிலுக்கு அந்தச் சூடு சரியாக எட்டாது. சம்புக்கு அடியில் ஒட்டும் தனி ஹீட்டர் கிடைக்கிறது.

செயற்கை எண்ணெய் ஊற்றினால் பழைய வண்டி ஒழுகும் என்ற பேச்சுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. தொடக்கக்கால செயற்கை எண்ணெய்கள் சிலவற்றில் ரப்பர் சீல் சுருங்கியது உண்மை. சீலை உப்பவைக்கும் எஸ்டரைக் கலந்து அதை எப்போதோ சரிசெய்துவிட்டார்கள். இறுகிய சீல்களுக்கென்றே, அதிக தூரம் ஓடிய வண்டிகளுக்கான ஆயிலை வால்வோலின் 2000த்தில் முதலில் கொண்டுவந்தது, பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். லேசாகக் கசிகிற கொரோலாவுக்கு அது நல்லது. கிழிந்த சீலை எந்தக் கேனும் தைக்காது. 1960களின் தட்டை டேப்பெட் எஞ்சின்களுக்குப் பாஸ்பரஸ் அதிகம் வேண்டும், 2004க்குப் பிறகு வந்த பெட்ரோல் கார் ஆயில்களில் வினையூக்கி மாற்றியைக் காப்பாற்ற அதைக் குறைத்துவிட்டார்கள் என்பதெல்லாம் தனிக் கதை. அந்த வயது வண்டியை வினிப்பெக்கின் உப்புச் சாலையில் குளிர்காலத்தில் ஓட்டுகிறவரின் கவலை ஆயிலாக இருக்காது, துருவாகத்தான் இருக்கும்.

கேன் முக்கால்வாசி காலியாகிறது. கிட்டத்தட்ட மூன்றே முக்கால் லிட்டர் உள்ளே போகிறது, மிச்சம் டிப்ஸ்டிக் பார்த்து ஊற்றுவதற்கு. மைனஸ் 28 காலையில் சாவியைத் திருப்புகிறார்கள். சரியான எண்ணெய் என்றால் சில வினாடிகளில் மேலே கேம்ஷாஃப்ட் வரை ஏறிவிடும். கெட்டி எண்ணெய் என்றால் அழுத்தமானி மட்டும் ஜம்மென்று உயரத்தில் நிற்கும், அதைப் பார்த்துப் பூரிப்பவர்களும் உண்டு. அழுத்தம் என்பது ஓட்டமில்லை, தடை. தடை மீறினால் வால்வு திறந்து எண்ணெய் தாங்கிகளுக்குப் போகாமல் சம்புக்கே திரும்பும். ஃபில்டரின் பக்கவழி திறந்து வடிகட்டாத எண்ணெயும் உள்ளே போகும்.

அதன் பிறகான நாலு மாதமும் பெரும்பாலும் கடைக்கும் வேலைக்கும் போய்வரும் குட்டிப் பயணங்கள். எண்ணெய் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. எரிபொருள் எரிந்து உண்டாகும் நீராவி உள்ளே குளிர்ந்து தங்குகிறது, எரியாத பெட்ரோலும் வந்து கலக்கிறது. மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெள்ளையாக, மோர் படிந்த மாதிரி இருக்கும். பார்த்தவர்கள் கேஸ்கட் போய்விட்டது என்று பயப்படுவார்கள். கூலன்ட் குறையவில்லை என்றால் அநேகமாக அது குட்டிப் பயணங்களின் வேலைதான், வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் அரைமணி ஓட்டினால் காய்ந்துவிடும். எந்தக் கம்பெனி ஆயில் என்று மணிக்கணக்கில் வாதிடுகிறவர்கள் ஆயிலைச் சீக்கிரம் மாற்றுவதில் அதில் பாதி அக்கறை காட்டலாம். கையேட்டின் ‘கடினமான ஓட்டம்’ என்ற பகுதியில் குளிரில் ஓடும் குட்டிப் பயணமும் சேர்த்தி.

பனி உருகியதும் சம்பின் அடி நட்டைக் கழற்றுகிறார்கள். கறுத்து வருகிறது. அதில் ஒரு பகுதி வளையத்தைத் தாண்டி எரிந்து புகையாகிப் போயிருக்கும். மீதியை அதே பழைய கேனில் ஊற்றி, மனிடோபாவில் பழைய ஆயில் வாங்கும் நிலையத்தில் கொடுக்கலாம். ஃபில்டரையும் காலி கேனையும்கூட அங்கே வாங்கிக்கொள்கிறார்கள். பழைய ஆயிலில் பெரும்பகுதி எரிபொருளாக எரிந்துவிடக்கூடும். ஆனால் ஒன்டாரியோவின் கிச்சனர் பக்கம், பிரெஸ்லோவில் இருப்பதைப் போன்ற மறுசுத்திகரிப்பு ஆலைக்குப் போய்ச் சேர்ந்தால் நீரையும் பெட்ரோலையும் பிரித்து, வெற்றிடத்தில் காய்ச்சி, ஹைட்ரஜன் கொடுத்து மறுபடி அடிப்படை எண்ணெயாக்குவார்கள். ஒரு கேலன் பழைய ஆயிலில் இரண்டரை குவார்ட் புது மசகு எண்ணெய் கிடைக்கும், அதே அளவுக்குக் கச்சா எண்ணெய் 42 கேலன் வேண்டும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் கணக்கு. மறுபடி கேனில் ஏறி 5டபிள்யூ பட்டம் வாங்க அந்த எண்ணெய்க்குச் சலுகை எதுவும் கிடையாது. மைனஸ் 35 வரை அதையும் மெல்லக் குளிரவிட்டுத்தான் பார்ப்பார்கள்.